பொம், படம், பட்டம்: டிஸ்லெக்ஸியா உள்ள மொரீஷியஸ் பிள்ளைக்கு எழுத்தை எங்கிருந்து தொடங்குவது?

நாலாம் வகுப்புப் பையன் அவன். க, கா, கி, கீ வரிசையைப் பாட்டு மாதிரி மூச்சு விடாமல் சொல்லுவான். சுவரில் தொங்கும் அட்டவணையைக் காட்டி, "கூ எங்கே?" என்று கேட்டால், விரலைக் க-வில் வைத்து, முதலிலிருந்து பாடிக்கொண்டே நகர்ந்து, ஆறாவது கட்டத்தில் நிறுத்துவான். விடை சரிதான். ஆனால் அவன் எழுத்தைப் படித்து அங்கே போகவில்லை, எண்ணிக்கொண்டு போனான். அதே கூ-வைத் தனி அட்டையில் எழுதிக் காட்டினால், அட்டையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பான்.

இதைக் கவனிக்க எனக்கே ஒரு தவணை முழுக்க ஆனது. வகுப்பு சேர்ந்து சொல்லும்போது அவன் குரல்தான் எல்லாரையும் விட உரக்கக் கேட்கும். அதனால் அவனுக்கு வருகிறது என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் அவன் அம்மா பள்ளி வாசலில் காத்திருந்து கேட்டார். ஆங்கிலமும் வரவில்லை, பிரெஞ்சும் வரவில்லை, இதற்கு மேல் தமிழ் வேறு எதற்கு, விட்டுவிடலாமா மிஸ் என்று. ட்யூஷன் சொல்லிக்கொடுப்பவரும் சொந்தக்காரர்களும் அதையே சொல்லியிருந்தார்கள். மொரீஷியஸில் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் எங்களுக்கு இது பழகிய கேள்வி. பாரம் அதிகம், ஒன்றை இறக்கிவை என்பது நியாயம் போலத்தான் தெரியும். ஆனால் பிள்ளைக்கு உண்மையில் எது பாரம் என்று பார்க்காமல் இறக்கினால், தப்பான மூட்டையை இறக்கிவிடுவோம்.

டிஸ்லெக்ஸியா என்பது எழுத்தைப் படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் விடாத தடுமாற்றம். அது கண்ணில் உள்ள கோளாறு அல்ல. எழுத்துகள் அந்தப் பிள்ளைக்குத் தலைகீழாகத் தெரிகின்றன என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். ஐந்து, ஆறு வயதில் எல்லாப் பிள்ளைகளும்தான் எழுத்தைத் திருப்பிப் போடுகிறார்கள். புத்திக் குறைவும் அல்ல. 1896-இல் இங்கிலாந்தின் கடற்கரை ஊரான சீஃபோர்டில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அவன் தன் பெயரையே எழுத்து மாற்றி 'பிரெசி' என்று எழுதினான். எண்களோ அவனுக்குச் சரளமாக வந்தன. எல்லாப் பாடமும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவன் ஆசிரியர் சொன்னாராம். மார்கன் இதற்குப் 'பிறவிச் சொற்குருடு' என்று பெயர் வைத்தார். குருடு என்ற அந்தச் சொல்தான் பல தலைமுறைகளாக நம்மைக் கண்ணின் பக்கமே பார்க்க வைத்துவிட்டது.

சிக்கலின் வேர் பெரும்பாலும் காதுக்கும் வாய்க்கும் பின்னால், மூளை பேச்சொலியைக் கையாளும் இடத்தில் இருக்கிறது. பேசும்போது சொல் ஒரே மூச்சில் ஒழுகி வருகிறது. அதை வெட்டி வெட்டித் தனி ஒலிகளாகக் கேட்டால்தான் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு எழுத்தை மாட்ட முடியும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த வெட்டல் கொஞ்சம் பழக்கத்தில் வந்துவிடுகிறது. டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு வெட்டும் இடம் மங்கலாகவே இருக்கிறது. பேச்சில் குறை தெரியாது. கதை சொல்வான், வாதாடுவான், சிரிக்க வைப்பான். எழுத்து என்று வந்தவுடன் நின்றுவிடுவான். இது குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. அப்பாவோ மாமாவோ பள்ளியை வெறுத்த கதையைக் கேட்டுப் பார்த்தால் பல வீடுகளில் இது புலப்படும்.

ஃபோனிக்ஸ் முறை இந்த இடத்தில்தான் உதவுகிறது. ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள கணக்கைப் பிள்ளை தானாக ஊகிக்கட்டும் என்று விடாமல், ஒவ்வொன்றாக, ஒழுங்கான வரிசையில், நேராகச் சொல்லித் தருவது. ஆங்கிலத்தில் அகரவரிசைப்படி ஏ, பி, சி என்று தொடங்குவதில்லை. எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறு எழுத்தின் ஒலியை மட்டும் முதலில் எடுக்கும் வழக்கம் பரவலாக உண்டு. அந்த ஆறை வைத்தே சாட், பின், டாப், நாப் என்று பல சொற்களைக் கூட்டிப் படித்துவிடலாம். கற்றுக்கொண்ட எழுத்து அன்றைக்கே சொல்லாக மாறுகிறது. படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகி என்று இந்த முறை சொல்வதில்லை. அந்த ஊகம்தான் இப்படிப்பட்ட பிள்ளைகளை மூன்றாம் வகுப்பு வரை ஒளித்து வைக்கிறது.

டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகளுக்கு இந்த வழியில் சொல்லித் தருவதன் வேர் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் 1930-களில் சேர்ந்து செய்த வேலையில் இருக்கிறது. 2000-இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழுவும், 2006-இல் இங்கிலாந்துக்காக ஜிம் ரோஸ் தந்த அறிக்கையும், முறைப்படி ஃபோனிக்ஸ் சொல்லித் தருவதே நல்லது என்ற பக்கம் வந்து சேர்ந்தன. ஆர்ட்டன், கில்லிங்ஹாம் பெயரில் வரும் பயிற்சிகளில் மணலில் எழுதுவது, விரலால் தடவுவது போன்றவை உண்டு. பிள்ளைக்குப் பிடித்திருந்தால் செய்யட்டும். ஆனால் மணல்தான் படிக்க வைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வேலை செய்வது, ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துத் தருவதும், அலுக்காமல் திரும்பச் செய்வதும்தான். மணல் தட்டு வாங்கிவிட்டு அந்தப் படிப்படியை விட்டுவிட்டால் பயன் இல்லை.

சரி, எந்த மொழியின் ஒலி? இந்தத் தீவில் இதுதான் பெரிய கேள்வி, வெளிநாட்டுப் பயிற்சி நூல்கள் எதுவும் நமக்காகப் பதில் எழுதி வைக்காத கேள்வி.

ஒரு ஒலிக்கு ஒரு எழுத்து என்று ஒழுங்காக இருக்கும் மொழியும் உண்டு, தாறுமாறாக இருக்கும் மொழியும் உண்டு. பிலிப் செய்மரும் சகாக்களும் 2003-இல் ஐரோப்பிய மொழிகளில் முதல் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். ஃபின்னிஷ், கிரேக்கப் பிள்ளைகள் பழகிய சொற்களில் 98 சதவீதத்தைச் சரியாகப் படித்தார்கள். பிரெஞ்சுப் பிள்ளைகள் 79 சதவீதம். ஆங்கிலத்தில் படித்த ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் 34 சதவீதம். இவர்கள் யாரும் டிஸ்லெக்ஸியா உள்ளவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் அல்லர், சாதாரணப் பிள்ளைகள். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2001-இல், எரால்டோ பவுலேசுவின் குழு இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில டிஸ்லெக்ஸியா உள்ளவர்களின் மூளையை ஆராய்ந்தது. மூன்று நாட்டாரிடமும் மூளையில் ஒரே இடத்தில்தான் வேலை மந்தமாக இருந்தது. ஆனாலும் இத்தாலியர்கள் மற்றவர்களை விட நன்றாகப் படித்தார்கள். மூளை ஒன்றுதான், எழுத்து முறை எளிதாக இருந்தால் தடுக்கி விழுவது குறைகிறது.

இப்போது நம் ஊர்ப் பிள்ளையைப் பாருங்கள். முதல் பாடவேளை ஆங்கிலம். டி, ஏ, பி, எல், ஈ என்று ஐந்து எழுத்து. அது டேபிள். மணி அடிக்கிறது, பிரெஞ்சுப் புத்தகத்தை எடுக்கிறான். அதே ஐந்து எழுத்து, அதே வரிசை. இப்போது அது 'தாப்ல்'. வீட்டில் பேசும் கிரியோலில் (பிரெஞ்சை ஒட்டி இந்தத் தீவில் உருவான மொழி) அம்மா சோற்றுத் தட்டை வைக்கும் இடமோ 'லதாப்'. ஆரஞ்சு, வில்லேஜ், பேஜ், ட்ரெயின் எல்லாம் இதே கதை: ஒரே எழுத்து, காலையில் ஒரு ஒலி, மத்தியானம் இன்னொரு ஒலி. சி-யும் எச்-சும் சேர்ந்தால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ச்', பிரெஞ்சில் 'ஷ்'. மற்ற பிள்ளைகள் இதைச் சமாளித்துக்கொள்கிறார்கள். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள கயிறே தளர்வாக இருக்கும் பிள்ளைக்கு இது ஒவ்வொரு மணியிலும் கயிற்றை அறுத்துவிடுகிறது.

இந்த இரண்டுமே அவன் வீட்டில் பேசும் மொழி அல்ல. 2011 கணக்கெடுப்பில் 84 சதவீதம் பேர் வீட்டு மொழி கிரியோல் என்றுதான் சொன்னார்கள். 1957-இன் கல்வி விதியில், முதல் மூன்று வகுப்பு வரை பிள்ளைக்குப் பொருத்தமான எந்த மொழியிலும் சொல்லித் தரலாம் என்றே இருக்கிறது. ஆசிரியரின் வாய் கிரியோல் பேசுகிறது. புத்தகமும் தேர்வும் அப்படி இல்லை.

கிரியோலின் எழுத்து முறையோ அருமையானது. 2011-இல் வகுக்கப்பட்ட அதன் எழுத்திலக்கணம் ஒலியை அப்படியே பின்பற்றுகிறது. பிரெஞ்சில் பறவையை எழுத ஓ, ஐ, எஸ், ஈ, ஏ, யூ என்று ஆறு எழுத்து வேண்டும். அதில் எந்த எழுத்தும் தன் வழக்கமான ஒலியைத் தனியாகத் தருவதில்லை. கிரியோலில் ஸ்வாஸோ, ஐந்து எழுத்து, கேட்டபடி எழுது. ஃபோனிக்ஸ் தொடங்க இதைவிட நல்ல இடம் இந்தத் தீவில் இல்லை. 2012 முதல் ஆரம்பப் பள்ளியில் கிரியோல் பாடமாகவும் இருக்கிறது.

ஆனால் அது இருக்கும் இடம் தமிழ், இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி ஆகியவற்றுக்கான அதே விருப்பப் பாடவேளை. பெற்றோர் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். தமிழ் எடுக்கும் பிள்ளைக்குத் தான் பேசும் மொழியைப் படிக்க யாரும் பள்ளியில் சொல்லித் தருவதில்லை. தமிழை நேசிக்கும் ஒருத்தியாகத்தான் இதை எழுதுகிறேன். இந்த இரண்டையும் எதிரெதிராக வைத்தது பெரிய பிழை. சாதாரணப் பிள்ளை இதைத் தாண்டிவிடும். டிஸ்லெக்ஸியா உள்ள தமிழ்ப் பிள்ளைதான் இதற்கு விலை கொடுக்கிறது.

தமிழ் எங்கே வருகிறது? தமிழ் எழுத்து ஒலிப்படி இருப்பது, அதனால் எளிது என்று நாம் பெருமையாகச் சொல்வோம். அது தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு உண்மை. எங்கள் வகுப்பில் அது பாதி உண்மைதான்.

கிரியோலில் ஆப்பிளுக்கும் வெடிகுண்டுக்கும் முதல் ஒலி ஒன்றுதான் வேறுபடுகிறது. இரண்டையும் தமிழில் எழுதினால் 'பொம்'. தமிழ்க்காரர் காதுக்கு ப-வின் வல்லொலியும் மெல்லொலியும் ஒரே எழுத்தின் இரண்டு சாயல். சொல்லில் அது நிற்கும் இடமே எப்படி ஒலிப்பது என்று சொல்லிவிடுகிறது, நாம் யோசிப்பதே இல்லை. பம்பரம் என்ற சொல்லில் முதல் ப ஒன்று, ம்-க்குப் பின்னால் வரும் ப வேறொன்று. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. கிரியோல் பேசும் பிள்ளைக்கோ இவை ஆப்பிளும் குண்டும் போல வேறு வேறு ஒலிகள். ஒரே எழுத்து ஏன் இரண்டாகக் கேட்கிறது என்று அவன் குழம்பினால், அவன் காது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நாம்தான் விதியைச் சொல்லவில்லை.

விதி சின்னது. சொல்லின் தொடக்கத்தில் வல்லொலி, இரட்டித்தால் வல்லொலி, ங் ஞ் ண் ந் ம் இவற்றுக்குப் பின்னால் மெல்லொலி, நடுவில் ஒற்றையாக வந்தால் தளர்வு. ச-வுக்கு மட்டும் தனிக்கதை, தொடக்கத்திலேயே அது 'ஸ'வை ஒட்டிப் போகும். இதைப் படம், பட்டம் என்ற இரண்டு சொல்லில் காட்டிவிடலாம். ட, ப, ம மூன்றும் நேர்கோட்டிலேயே எழுதக்கூடிய எழுத்துகள், கைக்கும் சுலபம். அந்த மூன்றோடு புள்ளியையும் கற்றுக்கொண்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே சொல் கிடைக்கிறது. ஒரு புள்ளி வைத்த ட் கூடுதலாக வந்தவுடன் ஒலி இறுகுவதை வாயில் தடவிப் பார்க்கச் சொல்வேன். தொண்டையில் விரல் வைத்து இரண்டையும் சொல்லச் சொன்னால், படத்தில் அதிர்வு விடாமல் ஓடுவதும், பட்டத்தில் நடுவே ஒரு கணம் அறுந்து நிற்பதும் பிள்ளைக்கே தெரியும்.

247 எழுத்து அட்டவணையைச் சுவரில் மாட்டி முழுவதும் ஒப்பிக்க வைப்பதை நான் நிறுத்திவிட்டேன். அட்டவணையில் குற்றமில்லை. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது என்பது நம் முன்னோர் கண்ட அழகான ஒலிக்கணக்கு. அந்தக் கணக்கைக் காட்டாமல் பாட்டை மட்டும் காட்டுவதுதான் தவறு. கன்னடம் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி 2007-இல் ஆய்வு வெளியிட்ட சோனாலி நாக், இப்படிப்பட்ட பெரிய எழுத்துத் தொகுதியைக் கைக்கொள்ள, அந்த மொழிக்காரப் பிள்ளைகளுக்கே பல வகுப்புகள் ஆவதைக் காட்டினார். வீட்டில் தமிழ் கேட்காத பிள்ளைக்கு, அதிலும் டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு, ஒரே வருடத்தில் முழு அட்டவணை என்பது நடக்காத காரியம்.

அதனால் குறிகளின் வரிசையையும் மாற்ற வேண்டியிருந்தது. முதலில் ா. அது எழுத்துக்குப் பின்னால், ஒலி வரும் வரிசையிலேயே நிற்கிறது. ஆனால் ா-வும் ர-வும் கிட்டத்தட்ட ஒரே உருவம். காரம் என்று எழுதினால் ஒன்றின் பக்கத்தில் ஒன்று நிற்கும். எனவே ா நன்றாகப் பதியும் வரை ர-வைக் காட்டுவதில்லை. அப்புறம் ி, ீ. கு, சு, டு, து, பு, மு என்று உகரம் எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுவதால் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம், ஒவ்வொன்றாகத் தனி எழுத்தாகவே கற்றுத் தரலாம். ெ, ே, ை மூன்றும் தனிச் சிக்கல். காது க்-ஐ முதலில் கேட்கிறது, எ-யைப் பிறகு கேட்கிறது. கண் முதலில் பார்ப்பது கொம்பை. கொ என்றால் குறி இரண்டு பக்கமும் அணைத்துக்கொள்கிறது. இடமிருந்து வலம் ஒலியைக் கூட்டு என்று அரும்பாடுபட்டுப் பழக்கிய பிள்ளையிடம், இங்கே மட்டும் தாண்டிப் போய்த் திரும்பி வா என்று சொல்ல வேண்டும். அதைத் தனியாக, மெதுவாக, கொம்புக்கு வேறு நிறம் தீட்டிச் சொல்லித் தருவது நல்லது.

பொருளும் வேண்டும். அந்தப் பையன் முதன்முதலாக எண்ணாமல், பாடாமல் கூட்டிப் படித்த சொல் 'மாமா'. ம், ஆ, மா. மறுபடி மா. படித்துவிட்டு, சிரித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் கை காட்டினான். அங்கே அவன் அம்மா நிற்கவில்லை, ஆனால் அந்த நேரத்தில் வந்து நிற்பது வழக்கம். கிரியோலில் மாமா என்றால் அம்மா. நான் திருத்தவில்லை. எழுத்திலிருந்து ஒலியும், ஒலியிலிருந்து பொருளும் அவனுக்குள் முதல் தடவையாக ஒரே ஓட்டத்தில் வந்திருந்தன. மாமா யார் என்பதை அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து சந்தைக்குப் போகும்போதெல்லாம் சொல் பொறுக்க ஆரம்பித்தேன். 1730-களில் பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தோனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து வந்த கைவினைஞர்களும், 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களும் பேசிய தமிழ் வீடுகளில் மங்கிவிட்டது. காய்கறிக் கடையில் மங்கவில்லை. கொத்தமல்லி இங்கே கோத்தோமிலி, கறிவேப்பிலை காரிபுலே, முருங்கைக்கீரை பிரேத் முரும், பீர்க்கங்காய் பிபாங்காய், ரசம் ரஸோன். மதம் எதுவானாலும், மொழி எதுவானாலும் எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். ஒலி வாயில் ஏற்கெனவே இருக்கிறது, பொருள் தட்டில் இருக்கிறது, எழுத்து ஒன்றுதான் புதிது. கோத்தோமிலியைச் சொல்லச் சொல்லிவிட்டுக் கொத்தமல்லி என்று எழுதிக் காட்டினால், எந்த ஒலி மாறியிருக்கிறது என்று பிள்ளைகளே தேடுவார்கள். அந்தத் தேடல்தான் ஒலியைப் பிரித்துக் கேட்கும் பயிற்சி.

பெற்றோர் கேட்கும் இன்னொரு கேள்வி: இது டிஸ்லெக்ஸியாதானா, இல்லை மொழி புரியாததால் வரும் தடுமாற்றமா? முடிவு சொல்ல வேண்டியவர் உளவியல் வல்லுநர். ஆனால் வீட்டிலேயே ஒரு குறிப்பைப் பிடிக்கலாம். புத்தகமே வேண்டாம், கிரியோலில் ஒலி விளையாட்டு விளையாடுங்கள். லதாப்பில் 'ல' போனால் மிச்சம் என்ன? பொம் என்பதில் முதல் ஒலி எது? பாபாவும் பாலோனும் ஒரே ஒலியில் தொடங்குகின்றனவா? ஏழு, எட்டு வயதுப் பிள்ளை தன் சொந்த மொழியிலேயே, பழகிக்கொடுத்த பிறகும் இதில் திணறினால் சோதிக்கக் கூட்டிப்போவது நல்லது. கிரியோலில் இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடாக வந்து, ஆங்கிலப் பக்கத்தில் மட்டும் நின்றால் மொழிப் பழக்கம் போதவில்லை என்று நினைக்க இடம் உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்து, அந்த மதிப்பெண்ணை வைத்து ஒரு பிள்ளைக்கு முத்திரை குத்தினால் இரண்டு பக்கமும் பிழை வரும்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். தமிழை விட வேண்டாம், ஆனால் தமிழ் மனப்பாடத்தை விடுவோம். ஒரு எழுத்து முறையில் ஒலியைக் கூட்டிப் படிக்கும் திறமை வந்தால் அது மற்ற மொழிக்கும் கைகொடுக்கும். மூளை அதை மொழிவாரியாகப் பெட்டி கட்டி வைப்பதில்லை. வீட்டில் தினம் பத்து நிமிடம் கிரியோல் வரிகளை அவனோடு படியுங்கள், கடைப் பட்டியலானாலும் சரி. பள்ளியில் நான் தமிழில் கூட்டிப் படிக்க வைக்கிறேன். ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் ஒரே நாளில் ஒரே மாதிரி எழுத்து வராமல், ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாக எடுக்க வகுப்பாசிரியரிடம் கேட்கலாம். இதற்கெல்லாம் அந்த அம்மா ஒத்துக்கொண்டார். ட்யூஷனைக் குறைக்க மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறாம் வகுப்புத் தேர்வு வருகிறதே என்றார். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல முடியாது.

எவ்வளவு நாளாகும் என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். ஜோசப் டோர்கசனின் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில் எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகள் 60 பேருக்கு, தனித்தனியாக, ஒரு நாளைக்கு 50 நிமிடம் வீதம் இரண்டு தடவை, எட்டு வாரம், மொத்தம் 67.5 மணி நேரம் ஒலிவழிப் பயிற்சி தந்தார்கள். சரியாகப் படிப்பதில் பிள்ளைகள் மளமளவென்று முன்னேறினார்கள். வேகம் மட்டும் சகவயதுப் பிள்ளைகளை எட்டவில்லை. நம் பள்ளியில் தமிழுக்குக் கிடைப்பது ஒரு நாளைக்கு ஒரு பாடவேளை, அதுவும் வகுப்பு நிறையப் பிள்ளைகளோடு. அதனால் சரியாகப் படிக்கும் நாள் வந்தபிறகும் அவன் மெதுவாகத்தான் படிப்பான். ஆறாம் வகுப்புத் தேர்வில் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்குக் கூடுதல் நேரம் தரும் ஏற்பாடு உண்டு. சிறப்புத் தேவைக் கல்விக்கென்று 2018-இல் சட்டமும் வந்தது. ஆனால் கூடுதல் நேரத்துக்கு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும், விண்ணப்பம் பள்ளி வழியாகப் போகவேண்டும். ஆறாம் வகுப்பில் போய் அலையாமல் ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள்.

அவன் இப்போது ஐந்தாம் வகுப்பு. அறிக்கைக்கு நாள் வாங்கியிருக்கிறார்கள். ா, ி, ீ மூன்றும் கைக்குள் வந்துவிட்டன, அட்டையில் தனியாகக் காட்டினாலும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. காரம் என்ற சொல்லில் இன்னும் ஒரு வினாடி நிற்கிறான், பிறகு சரியாகச் சொல்கிறான். திங்கட்கிழமை கொம்பு தொடங்குகிறோம். சிவப்புப் பென்சில் வாங்கி வைத்திருக்கிறேன்.